பொட்டலத்துக்குள் போன பூட்டு

அந்தக் கண் மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் பூட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. முந்நூறு கணினிகளில் எந்த வசதி திறந்திருக்கலாம், எது பூட்டியே கிடக்க வேண்டும் என்று தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உத்தரவு போடுவது அவள் வேலை. அந்த உத்தரவுக்குப் பாலிசி என்று பெயர். அவள் பூட்டியதை எப்பேர்ப்பட்ட கொம்பனாலும் திறக்க முடியாது. திரையில் குழந்தை படம் வைத்துக்கொள்ளக்கூட விடாதவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வைத்தது வேறு யாருமில்லை, கடிதப் பிரிவின் தலைவி, அவளுடைய சொந்த நாத்தனார். புருஷனுக்கு மூத்தவர் என்பதால் அவள் வாயில் 'அண்ணி'. வீட்டில் சாப்பாட்டில் உப்பு பார்ப்பவரே ஆபீஸில் கணினியிலும் குறை பார்த்தால் ஒரு மனுஷி எங்கேதான் போவாள்?

இன்று அவளுக்குப் பெரிய நாள். இரண்டு வருடமாகச் சண்டை போட்டு வாங்கிய நாள். கடிதம் எழுதும் மென்பொருள், கணக்குத் தாள் மென்பொருள் எல்லாவற்றையும் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக ஏற்றி மாரடிக்கும் வழக்கத்தை அவள் ஒழித்துவிட்டாள். எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி சர்வரில் வைத்தாயிற்று. யார் கேட்டாலும் சர்வர் அந்தப் பொட்டலத்தை அனுப்பும். மென்பொருள் பொட்டலத்துக்கு உள்ளேயே இருந்துகொண்டு ஓடும், கணினியைத் தொடாது, அழுக்காக்காது. கேட்கக் கேட்க இனிக்கும் ஏற்பாடு. காலையில் பல் தேய்க்கும்போதே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் டைரக்டர் அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அடுத்த வாரம் அறுவை சிகிச்சைக்கு வர வேண்டிய அறுநூற்று நாற்பது பேருக்கும் புதுப் பொட்டலத்திலிருந்தே பன்னிரண்டு மணிக்குள் கடிதம் அச்சாகத் தொடங்கிவிட வேண்டும். ஆகாவிட்டால் கணினி வேலை மொத்தமும் வெளிக் கம்பெனிக்குப் போகும். கம்பெனிக்காரர் காலையிலேயே வந்து டைரக்டர் அறையில் ஒப்பந்தத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கையெழுத்தானால் பூட்டு நாளையிலிருந்து மவுஸ் மாற்றிக் கொடுக்கவும் வயர் சொருகவும்தான் லாயக்கு.

ஒன்பதரை மணிக்கு அண்ணி பொத்தானைத் தட்டினார். ஒரே தட்டில் அறுநூற்று நாற்பது கடிதத்துக்கும் பெயர், தேதி, நேரம் எல்லாம் தானாக நிரம்ப வேண்டும். அப்படி நிரப்புகிற குட்டி நிரலுக்கு மேக்ரோ என்று பெயர். கண்ட மேக்ரோவும் ஓடினால் வைரஸ் புகுந்துவிடும் என்று பூட்டு எல்லாக் கணினிகளிலும் அதைப் பூட்டியே வைத்திருந்தாள். கடிதப் பிரிவுக்கு மட்டும் நேற்று மாலை திறந்துவிட்டாள்.

கடிதம் வரவில்லை. திரையின் தலையில் மஞ்சள் பட்டை வந்தது. 'மேக்ரோ நிர்வாகியால் தடுக்கப்பட்டுள்ளது.'

"நிர்வாகின்னா யாரு, நீதானே?" என்றார் அண்ணி.

"திறந்துட்டேன் அண்ணி. நேத்தே திறந்துட்டேன்."

"திறந்த லட்சணம் தெரியுது."

பூட்டு தன் அறைக்கு ஓடினாள். அறிக்கையைப் பார்த்தாள். எல்லாக் கணினியும் புதுப் பாலிசியைப் பெற்றுக்கொண்டதாகப் பச்சை காட்டியது. மறுபடியும் அனுப்பினாள். பச்சை. கணினிகளை அணைத்துப் போடச் சொன்னாள். பச்சையோ பச்சை. மூலையில் கடிதப் பிரிவின் பழைய கணினி ஒன்று இருந்தது, பொட்டலம் இல்லாமல் மென்பொருளை நேரடியாக ஏற்றியது. அதில் தட்டினால் மேக்ரோ ஜம்மென்று ஓடியது. பொட்டலத்தில் மட்டும் மஞ்சள் பட்டை.

பத்தரை ஆயிற்று. இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் என்ற பயம் ஒரு பக்கம். அதோடு இன்னொன்றும் இருந்தது, சொன்னால் அடிக்க வருவீர்கள்: உள்ளுக்குள் ஒரு குதூகலம். வெளியே இருந்து போகிற உத்தரவு பொட்டலத்துக்குள் காதில் விழவில்லை. அப்படியானால் உள்ளே வேறு யாரோ உத்தரவு போடுகிறார்கள். யார் அது? என் கட்டிடத்தில், எனக்குத் தெரியாமல், என்னை மீறி? அவளுக்குக் கை பரபரத்தது.

பதினொன்றுக்கு மறுபடி கடிதப் பிரிவுக்குப் போனாள். அங்கே கடித உறைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஆறு பேர் அவளையே பார்த்தார்கள். அண்ணி ஒவ்வொரு கடிதமாகக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். பதினேழு முடிந்திருந்தது.

"உன் புதுப் பொட்டலம் வேற உயிரை வாங்குது," என்றார் அண்ணி. "மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் தானே சேவ் பண்ணுதாம். அடிச்சிட்டு இருக்கும்போதே திரை நின்னு நின்னு போகுது. முன்னெல்லாம் பத்து நிமிஷம்தானே இருந்துச்சு?"

"ஆமா அண்ணி, பத்துதான். எல்லாருக்கும் பத்துதான் போட்டிருக்கேன்."

"அப்ப இதென்ன? மாத்தலாம்னு பார்த்தா அதையும் பூட்டி வச்சிருக்க."

பூட்டு குனிந்து பார்த்தாள். மூன்று. சாம்பல் நிறத்தில், யாரும் மாற்ற முடியாதபடி, மூன்று. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூன்று நிமிடம் என்று இந்தக் கட்டிடத்தில் ஒரே ஒரு கணினியில்தான் போட்டிருந்தது. முன்பு ஒருமுறை எழுதிய நாற்பது பக்கம் மின்சாரம் போனதில் காணாமல் போனதால், ஒருத்தி தனக்கென்று மட்டும் போட்டுக்கொண்டது. அந்த ஒருத்தி அவள்தான்.

பொட்டலம் கட்டுவதற்கென்று சட்டம் ஒன்று உண்டு. எந்தப் பாலிசியும் படாத வெறும் கணினியில்தான் கட்ட வேண்டும். கட்டும்போது அந்தக் கணினியில் என்ன ஒட்டியிருந்தாலும் அதுவும் பொட்டலத்துக்குள் போய்விடும். சட்டத்தை எழுதியதும் அவள்தான், புதிதாக வருகிற எல்லோருக்கும் வகுப்பு எடுத்ததும் அவள்தான். போன மாதம் வெறும் கணினியின் திரை பழுதாகிக் கிடந்தது. ஒரு நாள் காத்திருக்கப் பொறுமையில்லாமல் தன் கணினியிலேயே கட்டிவிட்டாள். அவளுடைய மூன்று நிமிடம், அவளுடைய அன்றைய மேக்ரோ பூட்டு, எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. மேக்ரோ பூட்டும் மற்ற பூட்டுகளும் அப்போது எல்லோருக்கும் பொதுவாக இருந்ததாலும், மூன்று நிமிடத்தை யாரும் கவனிக்காததாலும் ஒரு வாரச் சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இருந்த பூட்டு வெளியே இருந்த பூட்டின் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று அவள் போட்ட கூச்சலில் உறை அடுக்கு சரிந்தது. "அண்ணி, உங்க வாய்க்கு சர்க்கரை போடணும்!"

ஓடினாள். படிகளில் இரண்டிரண்டாகத் தாவினாள். கண்ணில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர் சத்தம் கேட்டே சுவரோடு ஒதுங்கினார். டைரக்டர் அறைக் கதவைத் தட்டவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

"மேடம், தெரிஞ்சுபோச்சு! என் தப்புதான்! முழுக்க முழுக்க என் தப்பு!"

முகம் அப்படிப் பூரித்திருந்தது. பரிசு விழுந்தவள்கூட இப்படி வந்து நிற்கமாட்டாள். கம்பெனிக்காரர் பேனாவைத் திறந்தபடியே நிமிர்ந்தார். டைரக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

மூச்சு வாங்க, எங்கே கட்டினாள், ஏன் கட்டினாள், எது உள்ளே போயிற்று, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். சொல்லி முடித்த பிறகுதான் மேசையில் விரிந்து கிடந்த ஒப்பந்தம் கண்ணில் பட்டது.

"சரியாக்க எவ்வளவு நேரம்?" என்றார் டைரக்டர் அம்மா.

"நாப்பது நிமிஷம். உள்ளே இருக்கிற என் பூட்டை மட்டும் எடுத்துட்டு மறுபடி கட்டினா போதும்."

"இங்க நின்னா ஆகாது. போங்க."

நாற்பது நிமிடம் எப்படிப் போனது என்று அவளைக் கேட்டால் தெரியாது. பொட்டலத்தைப் பிரித்தாள், தன் பாலிசிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தாள், மூடினாள், சர்வரில் ஏற்றினாள். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அண்ணி பொத்தானைத் தட்டினார். மஞ்சள் பட்டை வரவில்லை. அச்சு இயந்திரம் ஒருமுறை கனைத்துக்கொண்டு முதல் கடிதத்தைத் துப்பியது. பிறகு நிற்கவே இல்லை. அறை முழுக்க கைதட்டல். பூட்டு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

திரும்பினால் வாசலில் டைரக்டர் அம்மாவும் கம்பெனிக்காரரும் நின்றிருந்தார்கள்.

"நீங்க பார்த்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று டைரக்டர் அம்மா அவரைக் கேட்டார்.

அவர் நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. "அறிக்கையில எல்லாம் பச்சையா இருக்கு மேடம். எங்க பக்கம் சரியா இருக்குன்னு எழுதி மூடியிருப்போம்."

டைரக்டர் அம்மா ஒப்பந்தத்தை அவரிடமே நீட்டினார். "இது இப்போ வேண்டாம்." பிறகு பூட்டிடம், "அடுத்த தடவை வெறும் கணினி கிடைக்கலேன்னா என்னோடத எடுத்துக்கோங்க," என்றார்.

"ஐயோ மேடம், அது அதைவிட மோசம்! உங்களுக்கு எவ்வளவு பூட்டுப் போட்டிருக்கேன் தெரியுமா!"

டைரக்டர் அம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார். பூட்டு அங்கிருந்த காகிதப் பெட்டி ஒன்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குனிந்தார்.

"ஏண்டி, தப்பை இப்படியா தண்டோரா போட்டுட்டு ஓடுவாங்க? கமுக்கமா சரி பண்ணியிருந்தா உன் தப்புன்னு ஒரு ஈ காக்காவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

பூட்டு தம்ளரும் கையுமாக அண்ணியை ஏறிட்டுப் பார்த்தாள். அப்படியும் செய்திருக்கலாம் என்பது அவளுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

"அட, ஆமால்ல அண்ணி," என்றாள்.