சுவரில் சாத்திய சைக்கிள்

அந்த சைக்கிளைப் பார்த்தாலே லூர்துமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரட்டுக்கொட்டாய் மேட்டில் பாதி ஏறியதும் சங்கிலி கரக் கரக்கென்று துள்ளும், பெடல் வெறுமனே சுற்றும், அப்புறம் இறங்கித் தள்ள வேண்டியதுதான். மருந்துப் பையும் சேலையுமாக அவள் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, களை வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். "ஏனுங்க நர்சம்மா, சைக்கிளு உங்கள இழுக்குதா, நீங்க சைக்கிள இழுக்கறீங்களா?"

மொரப்பூரைச் சுற்றி பஸ் எட்டிப் பார்க்காத குட்டிக் கொட்டாய் ஊர்களுக்கெல்லாம் அவள்தான் நர்ஸ். அவளுக்காகப் புருஷன் இன்னாசி பெங்களூரில் பழைய சாமான் கடையில் பேரம் பேசி, இந்த ஐந்து கியர் லேடீஸ் சைக்கிளை ரயிலேற்றிக் கொண்டுவந்தான். எந்த வெள்ளைக்காரி ஓட்டிக் கழித்ததோ, வந்த புதிதில் தங்கமாக ஓடியது. ஹேண்டிலுக்குக் கீழே இருந்த குட்டிக் கம்பியை இழுத்தால் பின்சக்கரத்துச் சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்குத் தாவும். எப்பேர்ப்பட்ட மேட்டையும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். இப்போது அந்தப் பெரிய பல்லில் மட்டும் சங்கிலி உட்கார மாட்டேன் என்றது.

அவர்கள் சிரிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் அவள் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மேட்டில் ஒரு குழந்தை பிறந்து, கருக்கரிவாளால் தொப்புள்கொடியை அறுத்துவிட்டிருந்தார்கள். ஜன்னி கண்டு அது செத்துப்போனது. அடுத்து அதே ஊரில் நஞ்சப்பன் மருமகள் தீர்த்தம்மாள் நிறைமாதமாக இருந்தாள். கால் வீக்கம், பிரஷர் வேறு. தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று லூர்துமேரி தலைபாடாக அடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் யாரும் ஆஸ்பத்திரியில் பெற்றதில்லை என்று விட்டார்கள். இவளுக்கும் தாமதமாகப் போய் நின்றால் என்ன ஆகும் என்கிற பயம் அவளை விடவில்லை. அந்தப் பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

ஸ்டேஷன் ரோட்டுச் சைக்கிள் கடை காஜா, திருகாணிகளை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"எக்கா, பழைய சரக்கு இது. கியர எடுத்துட்டு ஒத்தப் பல்லு போட்டுத் தர்றன். நிம்மதியா ஓட்டுங்க."

"தலவலின்னு வந்தா தலைய எடுத்துடலாம்பியா நீ? மேடு ஏறத்தான கியரு?"

வீட்டுக்கு வந்தால் இன்னாசியும் அதே பாட்டுத்தான். "செகண்ட் ஹேண்டுன்னா அப்பிடித்தான் மேரி."

"வாங்கறப்ப தெரியலியா அது?" என்று அவள் சீறினாள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே பின்சக்கரத்தை முறைத்துப் பார்த்தாள். சங்கிலியைப் பல் மாற்றித் தள்ளுகிற சின்னக் கை ஒன்று அங்கே தொங்கியது. அது சக்கரத்து அச்சு நட்டில்தான் பூட்டப்பட்டிருந்தது. அந்தக் கைக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் நடுவில் ஓட்டை போட்ட தடிமனான ஓர் இரும்புக் காது செருகியிருந்தது. அதனால் கை வெளியே ஒதுங்கி, கோணலாக நின்றது. உள்பக்கத்துப் பெரிய பல்லை அது எட்டவே முடியாது. காஜா ஆயுசுக்கும் திருகினாலும் எட்டாது.

அந்தக் காது ஸ்டாண்டினுடையது.

சைக்கிள் வந்தபோது அதில் ஸ்டாண்டு கிடையாது. ஒருநாள் நஞ்சப்பன் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய் தீர்த்தம்மாளின் வயிற்றைப் பார்த்துவிட்டு வந்தால், நஞ்சப்பன் பெண்டாட்டி சென்னம்மாள் அந்தச் சுவரில் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "உள்ள வந்து தொட்டுப் பாரு புள்ள, வேணாங்கல. வண்டிய செவுத்துல சாத்தாத. காலனி வண்டி எங்க வூட்டு வாசல்லன்னு நாலு பேரு பேசுவாங்க" என்றாள். லூர்துமேரியின் கை வேண்டும், சைக்கிள் ஆகாது. வீட்டில் வந்து குமுறியவளுக்கு, "ஊர்ப் பொல்லாப்பு நமக்கெதுக்கு" என்று மறுநாளே இன்னாசி காஜாவிடம் கொடுத்து ஸ்டாண்டு போட்டுக்கொண்டு வந்தான். அவளும் வாயை மூடிக்கொண்டாள். அன்று வாயை மூடியதற்குத்தான் ஒரு குழந்தை போனதோ என்று இப்போது நெஞ்சு எரிந்தது.

"இந்த எழவு ஸ்டாண்டுதாங்க. ஸ்பேனர எடுங்க."

இன்னாசி எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "கழட்டிட்டா, அங்க எங்க நிறுத்துவ?"

அவள் பதில் சொல்வதற்குள் காலனி முனையில் மொபெட் சத்தம் கேட்டது. நஞ்சப்பன்தான். இறங்காமலே குரல் கொடுத்தார். "நர்சம்மா, மருமவளுக்கு வலி எடுத்திருச்சு, வெரசா வா." அவ்வளவுதான். வண்டியைத் திருப்பினார். அவளை வெரசாக வரச் சொன்ன மனுசனின் மொபெட், பின் சீட் காலியாகவே மேட்டுப் பக்கம் போயிற்று.

லூர்துமேரி பல்லைக் கடித்துக்கொண்டு நட்டைத் திருகினாள். ஸ்டாண்டை உருவி வேலியோரம் வீசினாள். சக்கரத்தை நேர்வைத்து முடுக்கி, பெடலைச் சுற்றிக் கம்பியை இழுத்தாள். சங்கிலி பெரிய பல்லில் போய் உட்கார்ந்தது.

மேட்டில் அவள் இறங்கவே இல்லை. களைவெட்டுக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. நஞ்சப்பன் வீட்டு முன்னால் போய் இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாத்தினாள்.

சென்னம்மாள் வாசலை மறித்தாள். "எத்தன வாட்டி சொல்றது? ஸ்டாண்டு எங்க?"

"ஸ்டாண்டு போட்டா மேடு ஏறாதுங்க. மேடு ஏறலன்னா நான் வர முடியாது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

உள்ளே தீர்த்தம்மாள் அலறினாள். சென்னம்மாள் வழியை விட்டாள்.

பெண் குழந்தை. கொதிநீரில் போட்டெடுத்த கத்தியால் கொடியை அறுத்து, துடைத்து, தாயின் பக்கத்தில் கிடத்திவிட்டு, கை கழுவ லூர்துமேரி வெளியே வந்தாள். சைக்கிள் தெருப்புழுதியில் கிடந்தது.

குனிந்து முதலில் கியரைத்தான் பார்த்தாள். நல்லவேளை, கியர் இல்லாத பக்கமாகத் தள்ளியிருந்தார்கள். "யாரு தள்ளுனது?" என்றாள். நஞ்சப்பன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். சென்னம்மாள் கோழியை விரட்டினாள்.

லூர்துமேரி சைக்கிளைத் தூக்கி அதே இடத்தில் சாத்தினாள். ஹேண்டில் பட்டுச் சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது. ரத்தப்போக்கு அடங்கிவிட்டது, குழந்தை பால் குடிக்கிறது, அவள் இனிப் புறப்படலாம்தான்.

"பொழுது சாயற வரைக்கும் கூட இருந்து பாத்துட்டுத்தான் போவேன்" என்றாள். "பிரஷர் இருக்கற ஒடம்பு. நாளைக்கும் வருவேன், அடுத்த வாரமும் வருவேன். இது இங்கதான் நிக்கும்."

உள்ளே போய் தீர்த்தம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணிக்குப் போகிற பெண்களும் ஆடு ஓட்டி வருகிறவர்களும் பார்த்துக்கொண்டே போக, பொழுது சாயும்வரை சைக்கிள் அந்தச் சுவரில் சாய்ந்தே நின்றது.