அக்காவின் காரில் ஏறாத டப்பா

என் கணவர் கெலேபியின் சட்டைகளை வைக்க இழுப்பறையைத் திறந்தேன். அடியில், ஆஸ்பத்திரியில் மாதாமாதம் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்த டப்பாக்கள் கிடந்தன. ஒன்றின் மூடிகூடத் திறக்கப்படவில்லை. முந்தின நாள்தான் டாக்டர் சொல்லியிருந்தார், இவருக்கு மாற்றி வைத்த கிட்னியில் வைரஸ் புகுந்துவிட்டது, ஒழுங்காகப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்று. மறந்துவிட்டேன் என்றார் இவர். நானும் நம்பினேன்.

"என்னங்க இது?"

அவர் டப்பாக்களைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். "அக்கா காருல இதையெல்லாம் எப்படிக் கொண்டு போறது, ஏமெலே?"

"ஆஸ்பத்திரியிலயே குடுத்திருக்கலாம்ல?"

"அக்கா வாசல்லயே உக்காந்திருப்பாங்க. இதைக் கையில வச்சுக்கிட்டு பாத்ரூம்லருந்து எப்படி வெளிய வர்றது?"

சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. விமான நிலையச் சமையற்கூடத்தில் எனக்கு இரவு வேலை, காலையில் கட்டையாகக் கிடப்பேன். அதனால் இவருடைய அக்கா லூசியானே அண்ணிதான் இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். ஆக்லாந்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும் இந்த அக்காவும் தம்பியும் எங்கள் டோங்காத் தீவு வழக்கப்படி ஒருவருக்கொருவர் மரியாதையும் கூச்சமுமாகத்தான். அக்கா இருக்கும் அறையில் இவர் கால் நீட்டி உட்கார மாட்டார். உடம்பு, குளியல், கழிவறை என்று எந்தப் பேச்சும் அங்கே எடுபடாது. காரில்கூடப் பின் சீட்டுதான்.

"அவங்க கிட்னியையே வயித்துல வச்சுக்கிட்டுத் திரியிறீங்க. அது செய்யிற வேலையைக் கொண்டு போய்க் காட்ட வெக்கமாக்கும்!"

"அது வேற, இது வேற" என்றார், அதோடு முடிந்தது போல.

புதுக் கிட்னியை உடம்பு விரட்டிவிடாமல் இருக்கத்தான் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள். அது அடங்கிக் கிடந்தால் வைரஸுக்குக் கொண்டாட்டம். மாத்திரையைக் குறைத்தால் உடம்பு வைரஸை விரட்டும், கூடவே கிட்னியையும் விரட்டிவிடலாம். வேறு வழியில்லாமல் குறைத்தார்கள். கிட்னி போனால் இவர் மறுபடி டயாலிசிஸ் நாற்காலிக்குத்தான் போக வேண்டும்.

அந்த வாரம் வேகவைத்த சேப்பங்கிழங்கோடு அண்ணி வந்தார். இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போகும்வரை காத்திருந்து மெல்லக் கேட்டார்.

"அது என்கிட்டருந்துதான் போச்சா? நல்லது செய்யிறேன்னு என் தம்பிக்கு நோயைக் குடுத்துட்டேனா?"

கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தேன்.

பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி நாள்களில் லீவு போட்டு, நானே இவரோடு உள்ளே போக ஆரம்பித்தேன். டப்பா என் கைப்பையில் வரும். அண்ணி கார் ஓட்டுவார், வெளியிலேயே இருந்துவிடுவார். வைரஸ் இறங்கியது, கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. போன வாரம் டாக்டர் எங்களைப் பார்த்ததுமே சிரித்தார்.

"ரத்தத்துல வைரஸ் இல்ல. கிட்னியும் நல்லா வேலை செய்யுது."

கெலேபி கண்ணை மூடி ஜெபம் சொன்னார். நான் அண்ணியின் கேள்வியைக் கேட்டேன்.

"அவங்ககிட்டருந்து வந்திருக்கலாம், இவர்கிட்டயே இருந்திருக்கலாம். யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. சின்ன வயசுலயே பெரும்பாலானவங்களுக்குத் தொத்திக்கிறது. எனக்குள்ளயும் இருக்கும். அந்தக் கிட்னி இல்லன்னா இவர் இன்னைக்கு நடந்து வந்திருக்க மாட்டார், அதைச் சொல்லுங்க அவங்ககிட்ட."

முன் சீட்டில் ஏறி, ஒரு வார்த்தை விடாமல் அண்ணியிடம் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதார். பின் கதவைத் திறந்திருந்த கெலேபி, சத்தமில்லாமல் அதை மூடிவிட்டு வெளியிலேயே நின்றார். மழை பிடித்துக்கொண்டது.

"நனையிறான் பாரு, உள்ள வரச் சொல்லு."

"நீங்க அழுது முடிங்க அண்ணி. அதுவரைக்கும் வரமாட்டாரு."

அழுகைக்கு நடுவே அவருக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி அழுதார். எனக்கு மனசு அப்படி லேசாகிவிட்டது, நானும் அவரோடு சேர்ந்து அழுதேன். கண்ணாடிக்கு வெளியே, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, காருக்கு முதுகைக் காட்டியபடி கெலேபி நின்றிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. அவருடைய தோள்களும் குலுங்கின.