இறங்கிப்போன அளவுக்கல்

எங்கள் அத்தானுக்கு ஒரு கல்லின் மேல் இருக்கும் நம்பிக்கை மனிதர்கள் மேல் கிடையாது. பம்ப் ஹவுஸ் வாசலில் நட்டுவைத்த அளவுக்கல் அது. அவர் கடல் தடுப்புக் கரைத் திட்டத்தின் என்ஜினியர். எந்த உயரத்தையும் அந்தக் கல்லிலிருந்துதான் அளப்பார். நான் அவருக்குக் கீழே சர்வேயர், அவர் மனைவியின் தங்கை. அளவுகோலோடு அலைவதால் ஆபீஸில் என்னைக் 'கோல்காரி' என்பார். வீட்டிலும் அதே பெயர்தான், அவ்வளவு பாசம்.

நான் சொல்லும் நாளுக்கு மறுநாள், அமாவாசை ஓதத்தில் கடல் ஏறும்போது, பழைய தடுப்புக் கரையை வெட்டுவதாக ஏற்பாடு. வெட்டட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அறுபது வருடம் கரை போட்டுக் கடலைத் தடுத்ததில் உள்ளே வண்டல் வருவது நின்று, நிலம் காய்ந்து அமுங்கிவிட்டது; வெளியே கடலோ வருடா வருடம் ஏறுகிறது. ஓதம் உள்ளே வந்தால்தான் சேறு படியும், அலையாத்தி முளைக்கும், அந்தக் காடு அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். மூன்று வருடம் நான் சேற்றில் நின்றது அதற்குத்தான்.

என் ஆத்திரமெல்லாம் உள்ளே வீடுகளைக் காக்கப் போட்ட புதுக் கரையின் மேல். காகிதத்தில் அது பெரிய ஓதத்தைவிட ஒரு சாண் உயரம். உண்மையில் நான்கு விரல் தாழ்வு. அந்த நான்கு விரல் தண்ணீர் வழிந்தால் போதும், மண்கரையை அரித்துக்கொண்டு போய்விடும். பின்னால் நூற்று நாற்பது வீடு. அதில் ஒன்று அக்கா வீடு.

நிலம் அமுங்கும்போது கல்லும் சேர்ந்தே அமுங்கியிருக்கிறது. ஆகாயத்திலா நட்டிருக்கிறார்கள் அதை? மேற்கே ஒன்பது கிலோமீட்டரில், பாறைக் குன்றிலேயே செதுக்கிய பழைய அளவுக்குறி ஒன்று உண்டு. டிரைவர் அண்ணனைக் கோல் பிடிக்கவைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அங்கிருந்து அளந்துகொண்டே வந்தேன். கல்லின் உயரம் முப்பத்தொரு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. எழுதி அத்தான் மேஜையில் வைத்தேன். அதன்மேல் தண்ணீர் டம்ளரை வைத்தார்.

"கல்லு பொய் சொல்லாது கோல்காரி. உன் கைதான் ஆடியிருக்கும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தலைமை ஆபீஸுக்கு மூன்று கடிதம் போட்டேன். சம்பந்தப்பட்ட என்ஜினியரை அணுகவும் என்று மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது.

அதனால் அன்று காலை சிவப்புப் பெயிண்ட் டப்பாவும் அளவுகோலுமாக அக்கா வீட்டுக்குப் போனேன். குன்றின் கணக்குப்படி ஓதம் எந்த உயரம் என்று பார்த்து, சமையலறைச் சுவரில் கோடு இழுத்தேன். அடுப்பு மேடைக்கு ஒரு விரல் மேலே வந்தது.

"என்னடி இது, இப்பதான் வெள்ளையடிச்ச சுவர்ல?" என்றாள் அக்கா.

"கரை போச்சுன்னா தண்ணி இங்க நிக்கும்."

அத்தான் முகமெல்லாம் ஷேவிங் சோப்போடு வந்து நின்றார். "மொதல்ல அதத் துடை. வீட்டுக்குள்ளயே வந்து பீதியக் கிளப்புறியா?"

அக்கா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் பேச்சில் அவள் வாயைத் திறந்ததே இல்லை; திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

"நம்ம வாசக்கதவ எத்தன தடவ இழைச்சோம்?" என்று அவரைக் கேட்டாள்.

"ரெண்டு தடவ. அதுக்கென்ன இப்ப?"

"எதுக்கு இழைச்சோம்?"

"வீடு கொஞ்சம் எறங்கி, கதவு தரையில தட்டுதுன்னு..." பாதியில் நிறுத்தினார்.

"பம்ப் ஹவுஸ் நம்ம தெருக்கோடியிலதான இருக்கு? வீடு எறங்குது, தெரு எறங்குது. உங்க கல்லு மட்டும் வரம் வாங்கிட்டு வந்திருக்கா?"

"எல்லா ஏற்பாடும் ஆயிடுச்சு. நான் கையெழுத்துப் போட்டாச்சு."

அக்கா கைக்குழந்தையைத் தூக்கிவந்து, கோட்டுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கோடு அவள் உச்சந்தலைக்கு மேலே ஓடியது.

"வெட்டுங்க. நானும் இவளும் நாளைக்கு இங்கதான் உக்காந்திருப்போம். கல்லு பொய் சொல்லாதுல்ல?"

சோப்புக் கையை லுங்கியில் துடைத்தார். பிறகு போனை எடுத்தார். "நாளைக்கு வெட்ட வேணாம். லெவல்ல ஒரு சின்ன வித்தியாசம் கண்டுபிடிச்சிருக்கேன்."

கண்டுபிடித்திருக்கிறாராம். பெயர் அவருக்கே போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் நூற்று நாற்பது வீட்டுக்காக எழுதிய மூன்று கடிதத்துக்கு நிற்காத பொக்லைன், ஒரு வீட்டுக்காக நின்றது.

"ஒரு வாரம் தள்ளி வச்சாச்சு. அமாவாசைப் பெருக்கு வடிஞ்சிடும், அப்புறம் வெட்டிக்கலாம். திருப்திதான?" என்றார்.

"கரைய ஒசத்தலையா?"

"அதெல்லாம் அடுத்த வருஷம்."

"அதுக்கு அடுத்த வாரமே பௌர்ணமி வருதே அத்தான், அன்னைக்கும் இதே ஓதம்தான? கடல் என்ன, உங்ககிட்ட லீவு கேட்டுட்டுப் போயிருக்கா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அன்னைக்கு வேணா உங்கக்காவயும் கொழந்தையையும் உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு."

அப்படியானால் கரை நிற்காது என்று இவருக்குத் தெரியும்.

அக்கா காதிலும் அது விழுந்தது. எழுந்தாள். குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். சுவரில் சாய்த்துவைத்திருந்த கோலை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டாள்.

"பெயிண்ட் போதுமாடி?" என்று என்னைக் கேட்டாள்.

இருவரும் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். இன்னும் நூற்று முப்பத்தொன்பது சமையலறை இருந்தது.