திருடன் வராத வீடு

பூட்டுக்காரருக்குத் திறக்க வராத பூட்டு அந்த ஊரில் கிடையாது. சாவியைத் தொலைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு முழிப்பவர்கள், எல்லாரும் அவரிடம்தான் ஓடிவருவார்கள். போலீஸ்காரர்களும் வருவார்கள். அவர்கள் கூப்பிட்டால் மட்டும் அவர் தயங்கித் தயங்கித்தான் கிளம்புவார். தட்டித் தட்டிப் பார்த்தும் ஆள் குரல் கொடுக்காத வீடாகத்தான் அது இருக்கும்.

அன்று காலை ஒரு தையல்காரர் வீடு. கதவைத் திறந்துவிட்டு, பூட்டுக்காரர் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி நின்றார். உள்ளே போய்வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"துப்பாக்கியா தம்பி?"

"ஆமாண்ணே. திருடன் பயத்துக்கு வாங்கி வச்சாராம். பொண்டாட்டி போனப்புறம் தனியாதான் இருந்திருக்காரு."

"திருடன் வந்தானா?"

"எங்கண்ணே வந்தான்? நானும் இத்தனை வருஷமா பாக்கறேன். துப்பாக்கி இருக்கிற வீட்டுக்குத்தான் அடிக்கடி இப்படி வர வேண்டியிருக்கு. ஒரு தடவைகூட திருடன் செத்துக் கிடக்கல. எல்லாம் வீட்டு ஆளுங்கதான்."

பூட்டுக்காரர் கூலியைக்கூட வாங்காமல் வீட்டுக்கு நடையைக் கட்டினார். ஏனென்றால் அவர் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருந்தது. அதுவும் திருடன் பயத்துக்கு வாங்கியதுதான். "பூட்டுக்காரர் வீட்டுக்குத் திருடன் வருவானாக்கும்!" என்று மனைவி அப்போதே கேலி செய்தாள். புண்ணியவதி, போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அவரைக் கேலி செய்யக்கூட அந்த வீட்டில் நாதியில்லை. சாப்பிட்ட தட்டு சாப்பிட்ட இடத்திலேயே காய்ந்து கிடக்கும். சில நாள் அவர் பார்வை அலமாரிப் பக்கம் போய் அங்கேயே நிற்கும். சும்மா பார்க்கிறதுதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வார்.

இன்று அந்தச் சமாதானம் எடுபடவில்லை. கடையில் இருந்ததிலேயே கெட்டியான பூட்டைக் கொண்டுவந்து அலமாரியில் மாட்டினார். சாவியைச் சாக்கடையில் வீசினார். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

பொழுது சாய்ந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. தட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்? கை சும்மா இருக்குமா, கம்பியைத் தேடி எடுத்தது. சாக்கடைக்குப் போன சாவியைப் பற்றி அந்தக் கைக்கு ஒரு கவலையும் இல்லை. பூட்டு வாயைப் பிளந்தது.

அட பாவி மனுஷா! அவர் கம்பியைத் தூக்கி எறிந்தார். ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்டவருக்கு, தனக்கு ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளத் துப்பில்லை. துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, செருப்பைக்கூட மறந்து, போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுவிடுவென்று நடந்தார்.

காலையில் பார்த்த அதே போலீஸ்காரர்தான் இருந்தார். "என்னண்ணே, திருடன் பயம் விட்டுப்போச்சா?" என்று சிரித்தார்.

"திருடனை விடு தம்பி. வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன்."

சிரிப்பு நின்றது. போலீஸ்காரர் எழுந்தார். துப்பாக்கியை வாங்கி இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். இருவருக்கும் டீ வரவழைத்தார். டிரான்ஸ்பர், மழை, முழங்கால் வலி என்று என்னென்னவோ பேசினார்கள்.

கிளம்பும்போது போலீஸ்காரர் சொன்னார்: "அண்ணே, இந்த அலமாரிப் பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணுது. நாளைக்கு வந்து பாத்துடுங்க. நாளான்னைக்கும் ஒரு எட்டு வந்தா நல்லது."

அது போன மாதம் பூட்டுக்காரரே தன் கையால் மாட்டிய பூட்டு. அதில் ஒரு கோளாறும் கிடையாது.

"ஆமா தம்பி, பாக்கணும்தான்" என்றார். "வர்றேன்."