ஆறிய நான்காம் கிண்ணம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். வாசலை ஒட்டிய முதல் நாற்காலியில் தலைமைச் சுவைஞர் முருகப்பன், தேவகோட்டைக்காரர். அவருக்கு இடப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி அபுல் ஹசன். காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்து ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் பேரன், இப்போது கம்பெனியின் கப்பல் காகிதங்களைப் பார்ப்பவன். எதிரே, ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும் நாற்காலியில் தெரேஸ். புதுச்சேரி எழுத்தர் ஒருவரின் பேத்தி, சைகோனிலேயே பிறந்து வளர்ந்த ஒப்பந்தச் சுவைஞர். காபிக்கொட்டை வறுக்கும் ஹியன் என்ற பெண் உட்காரவில்லை. வெந்நீர்க் கெண்டியுடன் சுவரோரம் நின்றாள்.

இந்த வரிசையிலேயே முருகப்பன் தாளில் எழுதிக்கொண்டார். யார் யார், எங்கே உட்கார்ந்தார்கள் என்று தொடங்காத கடிதத்தை அவருடைய பள்ளிக்கூட வாத்தியார் வாசிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பழக்கம் ஐம்பத்தெட்டு வயதிலும் போகவில்லை. காரைக்குடியில் இருக்கும் அலமு காபி முதலாளி ஏகப்பனுக்கும் அதுதான் பிடிக்கும். ஈமெயிலை நம்பாதவர் அவர். மை தொட்ட கையெழுத்தோடு, ஒட்டிய கவரில், கூரியரில் வந்தால்தான் அவருக்குக் காகிதம்.

சைகோனின் தூ டுக் பகுதியில், மெட்ரோ ரயில் தலைக்கு மேல் போகும் சாலையை ஒட்டிய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது அந்த அறை. நடுவில் தட்டு சுழலும் வட்ட மேசை. அதன்மேல் ஆறு கிண்ணங்கள். எது எந்தத் தோட்டத்துச் சரக்கு என்பது ஹியனுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்கு எண்தான். நூறுக்கு எண்பது வாங்கினால்தான் சிறப்புக் காபி. வாங்கிய புள்ளியையும் கேட்கிற விலையையும் சேர்த்துப் பார்த்து எதற்கு முதலிடம் என்று முடிவாகும். முதலிடம் வந்த சரக்கை முதலாளி பன்னிரண்டு டன் எடுப்பார்.

மூன்று சுற்று. சூடாக ஒன்று, வெதுவெதுப்பில் ஒன்று, நன்றாக ஆறிய பிறகு ஒன்று. முதல் சுற்றில் தலைமைச் சுவைஞர் ஆறு கிண்ணத்தையும் முடித்த பிறகுதான் மற்றவர்கள் கரண்டியை விடலாம். இது ஆறு வருடம் முன்பு முருகப்பனே எழுதி வைத்த விதி.

“செட்டியாரண்ணே போனி பண்ணியாச்சா? அப்ப நாங்க கடையத் திறக்கலாம்” என்று ஒவ்வொரு முறையும் அபுல் சொல்வான். அன்றும் சொன்னான்.

பதினோரு மணிக்கு மூன்று தாள்களும் முருகப்பன் கைக்கு வந்தன. நான்காம் கிண்ணத்துக்கு அவர் போட்டிருந்தது எண்பத்தாறரை. அபுல் எண்பத்திரண்டு. தெரேஸ் எழுபத்தெட்டு.

எட்டரைப் புள்ளி வித்தியாசம். ஒரே கிண்ணத்தில் குடித்த இரண்டு நாக்குக்கு இடையே இவ்வளவு தூரம் இருக்க முடியாது. ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதற்கான காரணத்தைக் கடிதத்தில் எழுதியாக வேண்டும். ஹியன் எண்களைப் பிரித்துச் சொன்னாள். நான்கு, கவ் டாட் மலைத்தோட்டத்தின் மிச்சச் சரக்கு, விலை குறைவு, அதனால் முதலிடம் அதற்குத்தான் வரவேண்டும். அதைத் தள்ளினால் முதலிடத்துக்கு வருவது இரண்டாம் எண், குவான் என்ற தரகருடைய சரக்கு.

குவான் என்ற பெயரைக் கேட்டதும் முருகப்பனுக்குப் போன வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. த்ருவோங் டின் தெருவில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு விபூதியும் நெற்றியுமாக வெளியே வந்தபோது எதிர்ச்சாரியில் தெரேஸின் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. குவான் ஒரு சிவப்புத் துணிப்பையை அவள் கையில் கொடுத்தான். அவள் சிரித்துக்கொண்டே வாங்கி, சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அப்போது அது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இப்போது அந்தப் பூட்டின் சத்தம்கூடக் காதில் கேட்டது.

இன்று காலை கிண்ணங்களை அடுக்கும்போது ஹியனும் தெரேஸும் வியட்நாமியத்தில் ஏதோ பேசிக்கொண்டதும் சேர்ந்துகொண்டது. பத்து வருடம் இந்த ஊரில் இருந்தும் அவருக்கு அந்தப் பாஷையில் விலை கேட்கவும் வழி கேட்கவும்தான் தெரியும். எண்ணைச் சொல்லியிருந்தால்? நாலு என்ற ஒரு சொல் போதுமே.

தெரேஸ் கரண்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“நாலாம் நம்பருக்கு எழுபத்தெட்டுப் போட்டிருக்கீகளே” என்றார் முருகப்பன், சாதாரணமாகக் கேட்பதுபோல.

“ஆமா முசியே.” அப்பாவிடமிருந்து கற்ற புதுச்சேரித் தமிழில் மரியாதைக்கு அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். “அதுக்கு மேல போட மனசு வரல.”

“நல்லாத்தானே இருந்துச்சு. ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு மணம். கடைசில கருப்பட்டி.”

“இருந்துச்சு. ஆறினப்புறம் குடிச்சீங்களா?”

“குடிக்காம? மூணு சுத்தும் பண்ணினனே.”

தெரேஸ் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பையின் ஜிப்பை இழுத்தாள். “அப்ப சரி முசியே. உங்க நாக்கு, உங்க மார்க்கு. எனக்கு மாசக் கடைசில கையெழுத்து இருக்குல்ல, அதை மறந்துடாதீங்க.”

அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதா வேண்டாமா என்று முதலாளி கேட்பது முருகப்பனைத்தான். அவர் ஒரு வரி எழுதினால் போதும், இந்த அறையில் அவளுக்கு நாற்காலி இருக்காது. இதைத் தெரிந்துகொண்டே அவள் ஞாபகப்படுத்துகிறாள் என்றால், பயந்துபோய்ச் சொல்கிறாளா, மிரட்டுகிறாளா? அந்தப் பார்வையும் அவருக்குப் பிடிக்கவில்லை. மடியில் கனம் இருக்கிறவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். கூரியர்காரன் மூன்று மணிக்கு வருவான். முருகப்பன் கோடு போட்ட தாளை எடுத்து, மேலே தேதியும் இடமும் இட்டு எழுதத் தொடங்கினார்.

‘மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு. வந்திருந்தோர் நால்வர். அமர்ந்திருந்த வரிசை பின்வருமாறு’ என்று ஆரம்பித்து, ஆறு கிண்ணங்களின் புள்ளியையும் எழுதி, நான்காம் எண்ணுக்கு வந்தார். ‘திருமதி தெரேஸின் மதிப்பெண் நடுநிலையானதாக எனக்குத் தோன்றவில்லை. சென்ற வெள்ளியன்று மேற்படியார், இரண்டாம் எண் சரக்கின் தரகரிடம் பொருள் ஒன்றைப் பெற்றதை நான் நேரில் கண்டேன். அவரது ஒப்பந்தத்தை நீட்டிப்பது குறித்துத் தாங்கள்’ என்ற இடத்தில் நிறுத்தினார். அடுத்த சொல் என்ன என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் மூன்று தாள்களையும் இணைத்துவிட்டு எழுதலாம் என்று அவற்றை அடுக்கினார். அடுக்கும்போது தெரேஸின் தாள் நழுவித் தரையில் குப்புற விழுந்தது.

பின்பக்கம் முழுக்கப் பென்சில். எழுத்தெல்லாம் வியட்நாமியம், ஆனால் எண்களுக்குப் பாஷை ஏது. ஆறு வரி, ஒவ்வொன்றிலும் மூன்று எண்கள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. நான்காம் வரியில் எண்பத்தாறு, எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு.

சூட்டில் அவளும் எண்பத்தாறுதான் போட்டிருக்கிறாள்.

அபுலின் தாளைத் திருப்பினார். கோழிக் கிறுக்கல், நடுவில் ஒரு காபிக் கறை. ஆனால் அங்கேயும் மூன்று மூன்றாக எண்கள். நான்காம் எண் அங்கேயும் இறங்கியிருந்தது. பிறகு தம் தாளைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

முருகப்பன் எழுந்து அறையின் கதவைச் சாத்தினார். எதற்குச் சாத்தினோம் என்று அவரே ஒரு நிமிடம் யோசித்தார்.

முருகப்பன் வளர்ந்த வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடித்ததில்லை. தண்ணீரானாலும் காபியானாலும் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். எச்சில் பட்டதைத் தொட்ட கையைக்கூடக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை. அப்படி வளர்ந்தவருக்கு, மூன்று பேர் வாயில் போய்வந்த கரண்டிகளை ஒரே கிண்ணத்தில் முக்கி உறிஞ்சும் தொழில் வாய்த்தது. நடுவில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கரண்டியை அலசுவார்கள் என்பது பேருக்குத்தான். அதனால்தான் அந்த விதி. யார் கரண்டியும் படும் முன் முதல் சுற்றை அவர் முடித்துவிடுவார். இரண்டாம், மூன்றாம் சுற்றில் கரண்டியை முக்குவார், முகத்தருகே கொண்டு போவார், மூக்கால் இழுப்பார், உதட்டால் சத்தம் மட்டும் கொடுப்பார். முகர்ந்தால் போதாதா என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு ஆறு வருடம் ஓட்டியாயிற்று. யாரும் கவனித்ததில்லை என்று நினைத்திருந்தார். ஆறினப்புறம் குடிச்சீங்களா என்று கேட்டவள் எத்தனை நாளாகக் கவனிக்கிறாளோ.

நான்காம் கிண்ணம் இன்னும் மேசையில் இருந்தது. கறுத்து, ஓரத்தில் பொடி ஒட்டி, சுத்தமாக ஆறிப் போயிருந்தது. அதைக் கையில் எடுத்தார். பழக்கம் விடவில்லை, தலையை அண்ணாந்து, உயரத்திலிருந்து ஊற்றினார். காபி நாக்கைத் தொடாமல் தொண்டையில் இறங்கியது. ஒன்றும் தெரியவில்லை. பச்சைத் தண்ணீர் குடித்தது போலிருந்தது.

கதவைத் திரும்பிப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது. கரண்டியை எடுத்தார், முக்கினார், கண்ணை மூடிக்கொண்டு உதட்டில் வைத்து உறிஞ்சினார்.

ஆரஞ்சும் இல்லை, கருப்பட்டியும் இல்லை. மழையில் நனைந்து, கிடங்கு மூலையில் காயாமல் கிடந்த சணல் சாக்கு. அது நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. சூட்டில் மறைந்திருந்தது, ஆற ஆற மேலே வந்திருக்கிறது. இன்னொரு முறை உறிஞ்சிப் பார்த்தார். அதே சாக்கு.

பன்னிரண்டு டன் சாக்கை வாங்கி முதலாளி தலையில் கட்டப் பார்த்தோமே என்று நினைத்துக் கரண்டியை மேசையில் வைத்தார். அதற்கு முன்னால் வாங்கியவை? ஆறு வருடத்தில் அவர் முதலிடம் கொடுத்தவை?

கதவு திறந்தது. அபுல் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்து, அவர் மீசையில் காபி சொட்டுவதைப் பார்த்து நின்றான்.

“என்னண்ணே, எச்சிக் கிண்ணத்துல கை வச்சிட்டீங்க? நாளைக்குக் காரைக்குடில இடி விழப்போவுது.”

“அபுல், ஒண்ணு கேக்கறேன். அந்தக் குவான் தெரேஸுக்கு ஒரு சிவப்புப் பை கொடுத்தானே, என்னது அது?”

“நிலா கேக்கு. பண்டிகை வருதுல்ல, ஆபீஸ் ஆபீஸா கொடுத்துக்கிட்டுத் திரியிறான். எனக்கும் வந்துச்சு, உங்களுக்கும் வந்துச்சு.”

“எனக்கா? எனக்கு ஒண்ணும் வரலையே.”

“வந்துச்சுண்ணே. உங்களுது பச்சைப்பயறு, என்னுது பன்னிக்கறி. என்னுதை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டு உங்களுதை நான் தின்னுட்டேன். முட்டை போட்டிருந்துச்சு, நீங்க எப்படியும் தொட மாட்டீங்க.” அவன் பல்குச்சியைக் குப்பையில் போட்டான். “ஏன், இப்ப வேணுமா?”

முருகப்பன் எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புதுத்தாள் எடுத்தார்.

வந்திருந்தோர், அமர்ந்திருந்த வரிசை வரை மாற்றமில்லை. தம் மதிப்பெண் தாளில் நான்காம் எண்ணின் எண்பத்தாறரையை ஒரு கோட்டால் அடித்து, எழுபத்தேழு என்று எழுதி, அருகே சுருக்கொப்பமிட்டார். கடிதத்தில் இப்படி எழுதினார்: ‘திருமதி தெரேஸின் மதிப்பெண்ணே சரி. அவரது ஒப்பந்தத்தை நீட்டிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடியேன் கடந்த ஆறு வருடங்களாக முதல் சுற்றை மட்டுமே குடித்து, மற்ற இரு சுற்றுகளில் குடித்ததாகப் பாவனை செய்துவந்தேன். காரணம் தங்களுக்கே விளங்கும். நம் வீடுகளில் வளர்ந்தவர் தாங்கள். ஆயினும் இது கம்பெனிக்கு நான் செய்த பிழை. தலைமைச் சுவைஞர் பொறுப்பில் நான் தொடர்வதா என்பதைத் தாங்கள் முடிவு செய்யவும். இரண்டாம் எண்ணை முதலிடத்துக்கு இப்போதே பரிந்துரைக்கவில்லை. மறுபடி மூன்று சுற்றும் பார்த்த பிறகு எழுதுகிறேன்.’

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது தெரேஸ் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பாதி காலியாகிக் கிடந்த நான்காம் கிண்ணத்தைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

“என்னைப் பத்தியா முசியே?”

“ஆமா.”

அவள் தன் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

“என்னைப் பத்தியும்” என்றார் முருகப்பன்.

கீழே தெருவில் கூரியர்காரன் ஹாரன் அடித்தான். முருகப்பன் தாள்களைக் கவருக்குள் செலுத்திவிட்டுப் பசைப்புட்டியைத் திறந்தார். அடியில் காய்ந்து கண்ணாடியாகியிருந்தது. குச்சியால் குத்தினார், வரவில்லை. ஹாரன் மறுபடி கேட்டது.

தெரேஸ் கையை நீட்டினாள். அவர் தயங்கினார். பிறகு கவரைக் கொடுத்தார். அவள் அதன் பசை பூசிய மடிப்பை வாயருகே கொண்டுபோய், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நாக்கால் ஒரே இழுப்பாக நக்கி, மேசையில் வைத்து முழங்கையால் அழுத்தித் தேய்த்து, அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

ஈரம் இன்னும் காயவில்லை. முருகப்பன் அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து இன்னொரு முறை அழுத்திவிட்டு, மாடிப்படி இறங்கிப் போய்க் கூரியர்காரன் கையில் கொடுத்தார்.