வெள்ளிக்கிழமையில் எண்ணெய் இறக்குவது

என் வீட்டுக்காரர் வெற்றிச்செல்வனுக்கு என் செருப்பு சைஸ் தெரியாது. ஆனால் எங்கள் பொக்லைனில் எந்தக் கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில், எப்போது மாற்ற வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மிஷினுக்குத் தன் அம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார். மஞ்சள் கையின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் 'ஞானாம்பாள்' என்று பெரிதாக இருக்கும். என் மாமியார் காலமாகி வெகுநாளாகிறது. ஆனாலும் மரக்காணம் உப்பளத்தில் தினமும் சேறு அள்ளிக்கொண்டுதான் இருக்கிறார். உயிரோடு இருந்தபோதும் அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. குழம்பில் ஏதாவது குறையா என்று கேட்டேன்.

"எடது பக்கச் செயின்ல சத்தம் வருது," என்றார்.

பொக்லைன் நகர்வது அந்தச் செயினால்தான். அதைச் சுற்ற வைக்கிற கியர்பாக்ஸ் சேற்றை ஒட்டியே கீழே இருக்கும்.

"போல்ட்ட லேசாத் தெறந்து பாத்தேன். ஆயிலு டீ மாதிரி இருக்குது. பால் ஊத்துன டீ."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் எனக்கும் இந்த வைத்தியம் கொஞ்சம் தெரியும். ஆயில் வெளுத்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் உப்பள வாய்க்கால் தண்ணீரோ வெறும் உப்பு. தண்ணீரைத் தடுக்கிற இரும்பு வளையமான சீல் தேய்ந்து அந்தத் தண்ணீர் உள்ளே போனால் பல்சக்கரம் துருப்பிடித்து அரைபட்டு, மிஷின் ஒருநாள் நட்டநடு வாய்க்காலில் நின்றுவிடும்.

"அப்ப நாளைக்கே அந்த ஆயில எறக்கிடுங்க. மெக்கானிக் அந்தோணிராஜ் அண்ணனுக்கு நான் போன் பண்றேன்."

"நாளைக்கு வெள்ளிக்கெழம."

"இருக்கட்டுமே."

"வெள்ளிக்கெழமைல யாராவது எண்ணெய வெளிய ஊத்துவாங்களா? லட்சுமி போயிடும்."

வெள்ளிக்கிழமையில் எண்ணெயும் உப்பும் வீட்டைவிட்டு வெளியே தருவதில்லை, வாஸ்தவம்தான். ஆனால் எங்கள் ஊரிலிருந்து வெள்ளிக்கிழமையும் லாரி லாரியாக உப்பு போகிறது. அந்த லாரிகள் இந்த மனுஷன் கண்ணில் பட்டதே இல்லை போலிருக்கிறது.

"சரி, சனிக்கெழம?"

"சனிக்கெழம இரும்பு வாங்கக் கூடாது. புது சீலு வாங்கணுமே."

"ஞாயித்துக்கெழம?"

"அந்தோணி சர்ச்சுக்குப் போயிடுவான்."

"திங்கக்கெழம?"

"ராகுகாலம்."

"நாள் பூராவுமா?"

அதற்குப் பதிலாக ஒரு வாய் சோறு உள்ளே போனது.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இது சிரிக்கிற நேரமில்லை. பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்சும் சமயம் அது. சனிக்கிழமை காலையில் வாய்க்காலைத் தூர்வார மிஷின் இறங்கியாக வேண்டும் என்று உப்பளத்து மேஸ்திரி சிவஞானம் கறாராகச் சொல்லியிருந்தார். நாங்கள் இல்லையென்றால் திண்டிவனத்திலிருந்து வேறு மிஷின் வரும். வந்தால் சீசன் முடியும்வரை போகாது. அப்புறம் இவர் பழையபடி நெல்லூருக்குப் போய் அடுத்தவர் மிஷினை ஓட்ட வேண்டியதுதான். கல்யாணமான புதிதில் அப்படித்தான் இருந்தார். போனிலேயே சண்டை போட்டு, போனிலேயே சமாதானமாகி, குடும்பம் நடத்தினோம். சொந்த மிஷின் வந்த பிறகுதான் சாயங்காலமானால் வீட்டுக்கு வருகிறார். வந்து, நான் கழுவிவிட்ட தரையில் சேற்றுக்காலோடு நடக்கிறார். திட்டுகிறேன். ஆனால் அந்தச் சேற்றுக்கால் எனக்கு வேண்டும்.

அதனால் அவரைக் கேட்காமலேயே போன் பண்ணிவிட்டேன்.

கூனிமேட்டிலிருந்து அந்தோணிராஜ் அண்ணன் காலையிலேயே ஸ்பேனர் பெட்டியோடு வந்துவிட்டார். பைக்கில் புது சீல், தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் கேன், அழுக்கு ஆயில் பிடிக்க ஒரு அகலத் தட்டு எல்லாம் இருந்தன. நானும் அளத்துக்குப் போனேன். எங்கள் வீட்டுக்காரர் மிஷினுக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, ஆரம்பிக்கலாமா?" என்றார் அண்ணன்.

"வெள்ளிக்கெழமப்பா."

"எங்களுக்கு வெள்ளிக்கெழம கறிதான் ஆவாது. ஆயிலு ஆவும்."

"அது ஒங்க வெள்ளிக்கெழம."

நான் நடுவில் புகுந்தேன். "ஏங்க, அத்த எந்தக் கெழம தலைக்கு எண்ணெ வெச்சிக் குளிப்பாங்க?"

அவர் யோசித்தார். "செவ்வாயும் வெள்ளியும்."

"பொம்பளைங்களுக்கு அதான நாளு? அழுக்கு போவட்டும், புது எண்ணெ வெப்போம். ஆம்பள பேரு வெச்சிருந்தீங்கன்னா சனிக்கெழம வரைக்கும் பொறுத்திருப்பேன். அம்மா பேர வெச்சிட்டு எண்ணெ வெக்க மாட்டேன்னா என்ன நியாயம்?"

அண்ணன் சிரிப்பை மறைக்கப் பெட்டிக்குள் எதையோ தேடினார். எங்கள் வீட்டுக்காரர் மிஷினில் ஏறி, ஆயில் வடிகிற பிளக் அடியில் வரும்படி செயினைக் கொஞ்சம் உருட்டி நிறுத்திவிட்டு இறங்கினார். ஸ்பேனரை மாட்டினார். திருப்பவில்லை. கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லட்சுமிக்கும் ராகுவுக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

"உள்ள பல்லு ஒடைஞ்சி கெடந்தா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பாக்காத வரைக்கும் மிஷினு நல்லாத்தான் இருக்குது ரேகா."

பாவமாக இருந்தது. அவ்வளவு நேரம் கிண்டல் செய்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. தோளில் கை வைத்து, "தெறங்க. நான் இங்கதான் இருக்கேன்," என்றேன்.

திருப்பினார். ஆயில் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. பார்க்கவில்லை, கேட்டது. அவ்வளவு வீரமாகப் பேசிய நான் உப்புக் குவியல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தேன். முந்தானையை எப்போது வாயில் வைத்தேன் என்று தெரியவில்லை.

"ஏய், இங்க பாருடி."

"மொதல்ல நீங்க சொல்லுங்க."

"நீதான தெறக்கச் சொன்ன?"

"தெறக்கத்தான் சொன்னேன். நான் பாக்கறேன்னு சொன்னனா?"

அந்தோணி அண்ணன் காந்தத்தைத் தட்டில் விட்டுத் துழாவி எடுத்தார். ஒட்டியிருந்ததை விரலில் தேய்த்துப் பார்த்தார். "வெறும் பொடிதாம்மா. பல்லு ஒண்ணும் ஒடையல. சீலுதான் போயிருக்குது. டீசல் ஊத்தி அலசிட்டு, சீல மாத்தி, புது ஆயிலு ஊத்துனா சாய்ங்காலம் ஓட்டலாம். இன்னும் ரெண்டு நாள் இப்படியே ஓட்டியிருந்தா எல்லாம் போயிருக்கும்."

நான் திரும்பினேன். எங்கள் வீட்டுக்காரர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. வெயில் என்று சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

தலையைத் தூக்காமலேயே சொன்னார். "நேத்து வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நெல்லூருக்குப் போன் பண்ணிட்டேன். பழைய மொதலாளிக்கு. திங்கக்கெழம வரச் சொல்லிட்டாரு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தட்டு ஆயிலை அவர் தலையிலேயே கொட்டியிருப்பேன். ராகுகாலம் திங்கட்கிழமையை முழுசாக விழுங்கியது எப்படி என்று இப்போது தெரிந்தது.

"இப்பவே போன் பண்ணுங்க. எம் முன்னாடி. ஸ்பீக்கர்ல போடுங்க."

ஆயில் கையோடு போனை எடுத்தார். விரல் வழுக்கி இரண்டு தரம் நம்பர் தவறியது. மூன்றாம் தரம் நானே அமுக்கிக் கொடுத்தேன். அந்தப் பக்கம் முதலாளி, எப்போது பஸ் ஏறுகிறாய் என்று கேட்டார்.

"இல்லண்ணே, வரல," என்றார் இவர், என்னைப் பார்த்துக்கொண்டே. "வூட்ல வேல இருக்குது."