உள்ளே போன கை

"எங்க அக்கா இருக்கிற இடத்தை விட்டுட்டு வேற ஆஸ்பத்திரிக்குப் போவோமா?" என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றதால்தான் அவன் மனைவிக்கு அந்தச் சின்னப் பிரசவ விடுதியில் இடம் போட்டார்கள். அக்கா அங்கே மூத்த நர்ஸ். சுகப்பிரசவம் என்றால் டாக்டரையே எதிர்பார்க்க மாட்டாள்.

மதியத்துக்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது. கட்டிடமே அதிர அழுதது. "தொண்டை அப்படியே உன்னோடதுதான்டா" என்று கதவருகே நின்ற தம்பியிடம் சொல்லிச் சிரித்தாள் அக்கா.

நஞ்சுக்கொடி மட்டும் வரவில்லை.

அடிவயிற்றைத் தடவிப் பிசைந்தாள், ஊசி போட்டாள், டிரிப்பை வேகமாக்கினாள். ரத்தம் நிற்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டரை அழைத்தாள். அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"கிளம்பிட்டேன். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிடுங்க. நஞ்சை எடுக்க நீங்க உள்ளே கை விட்டுடாதீங்க சிஸ்டர். அது உங்க வேலை இல்லை."

"சரி டாக்டர்."

மனதாரத்தான் சொன்னாள். செய்யத் தெரியாத கை உள்ளே போய்க் கர்ப்பப்பை கிழிந்து ஒருத்தி செத்ததை அவள் பயிற்சிக் காலத்திலேயே பார்த்திருக்கிறாள். டாக்டர் செய்யும்போது பக்கத்தில் நின்று எத்தனையோ முறை கவனித்திருக்கிறாள்தான். ஆனால் கவனிப்பது வேறு.

தரையில் ரத்தம் சொட்டியதைப் பார்த்த தம்பி உள்ளே பாய்ந்து வந்தான். "உனக்குத் தெரியும்லக்கா? எடுத்துவிடுக்கா! உன் கால்ல விழறேன்!" நிஜமாகவே விழுந்தான். மேசையில் கிடந்தவளின் உதடு வெளுத்திருந்தது. நாடி விரலுக்குத் தட்டுப்படாமல் நழுவியது. ஆம்புலன்ஸ் சத்தம் எங்கும் கேட்கவில்லை.

முழங்கை வரை வரும் கையுறையை மாட்டினாள்.

நஞ்சு பிய்ந்து பிய்ந்துதான் வந்தது. ரத்தம் குறைந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். தட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கையைக் கழுவினார். அன்று சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரியில் கிழிந்த கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது.

புகார் கொடுத்தது தம்பி.

விசாரணையில் டாக்டர் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. "வேண்டாம்னு சொன்னேன். காத்திருந்தா அந்தப் பொண்ணு பிழைச்சிருப்பாளான்னு கேட்டா, எனக்குத் தெரியாது."

"குடும்பத்துக்காரங்க யாராவது வற்புறுத்தினாங்களா?" என்று தலைமை அதிகாரி அக்காவைக் கேட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லை. நானாத்தான் செஞ்சேன்."

அவன் கெஞ்சினான், உண்மைதான். ஆனால் போனது அவள் கை. அதை யார் தலையில் கட்டுவது? அவளுடைய நர்ஸ் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள்.

வெளியே வராந்தா பெஞ்சில் தம்பி மனைவி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அக்கா எதிரே போய் நின்றாள்.

"இவரை ஏன் காப்பாத்தினீங்க அண்ணி? அன்னைக்கு நான் மயக்கத்துல இல்லை. டாக்டர் வேணாம்னு சொன்னதும் கேட்டுச்சு, இவர் உங்க கால்ல விழுந்ததும் கேட்டுச்சு."

"அப்போ..."

"டாக்டர் வரட்டும்னு சொல்லத்தான் நினைச்சேன். நாக்கு எழும்பல. நீங்களும் என் முகத்தைப் பார்க்கல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அன்று நாடியைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள். உன்னைத் தொடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை.

"பிழைச்சிருக்கேன். அது உங்களாலயா, உங்களையும் மீறியான்னு தெரியல" என்றாள் தம்பி மனைவி. குழந்தை சிணுங்கியது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் பால் கொடுக்க ஆரம்பித்தாள்.

அக்கா படியிறங்கிப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.